புளி வராத பங்குனி

அண்ணே, இது அம்மாவின் கடிதம். கை மட்டும் என்னுடையது. நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன், யாருக்கும் சங்கடமாக இருக்கும் என்று எதையும் விட மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அம்மா பேச்சுவாக்கில் சொல்வதைப் பள்ளிக்கூடத்தில் எழுதுகிற தமிழில் எழுதுகிறேன். ஆனால் யார் என்ன பேசினார்கள் என்று வருகிற இடத்தில் அவரவர் பேச்சை அப்படியே போடுகிறேன். அதை மாற்றினால் மாமாவை உனக்கு அடையாளம் தெரியாது. இனிமேல் "நான்" என்று வருவதெல்லாம் அம்மா. குறுக்கே நான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அடைப்புக்குறி போட்டுக்கொள்கிறேன்.

அப்பு, உனக்கு என் சலாம். அத்தாவும் தங்கையும் நானும் நலம். நீ கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டு எழுதி இத்தனை நாளாகியும் பதில் போடவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. பதில் எங்களிடம் இல்லை, அவ்வளவுதான். இன்றைக்கு மத்தியானம்தான் அது எங்களுக்குக் கிடைத்தது. அதை முதலில் சொன்னால் உனக்கு ஒன்றும் விளங்காது. ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், கடையைச் சாத்திவிட்டு நிதானமாக உட்கார்ந்து படி.

நீ பாடாங்கிலிருந்து பஸ் ஏறி அந்த மலையூருக்குப் போய்வந்து எழுதுகிற கடிதங்களை உன் தங்கை எனக்கு வாசித்துக் காட்டுவாள். ஒரு தடவை கேட்டால் எனக்குப் போதாது. பள்ளிக்கூடத்திலிருந்து பூகோளப் படப்புத்தகத்தை இரவல் வாங்கிவந்து, சுமத்ராவின்மேல் என் விரலை எடுத்து வைத்தாள். நீ சொல்லும் மலையும் ஏரியும் நீயும் எல்லாம் என் நகத்துக்குள் அடங்கிவிட்டீர்கள். பெற்றவளுக்குக் கவலைதான் முதலில் வர வேண்டும். எனக்கோ கேள்விகள்தான் முதலில் வருகின்றன. வீட்டுக் கூரையின் இரண்டு முனையும் எருமைக் கொம்பு மாதிரி மேலே வளைந்து நிற்கும் என்று எழுதியிருந்தாயே, மழை பெய்தால் நடுப்பள்ளத்தில் தண்ணீர் தேங்காதா? காப்பிக்கொட்டையை விற்றுவிட்டு, இலையை அனலில் வாட்டிக் கொதிக்கவைத்துச் சிரட்டையில் குடிக்கிறார்கள் என்றாய். எனக்கு அது மனதைவிட்டுப் போகவில்லை. சிறுமலையிலிருந்து வாழைத்தார் இறக்குகிறவரிடம் சொல்லி ஒரு கொத்துக் காப்பி இலை வரவழைத்து, நீ எழுதிய மாதிரியே வாட்டிக் கொதிக்கவைத்தோம். உன் அத்தா ஒரு வாய் குடித்தார். "இதுக்கு நம்ம தோல் ஊறப்போட்ட தண்ணி தேவலாம்" என்றார். உன் தங்கை மட்டும் முழுவதும் குடித்துவிட்டு, பிடித்திருக்கிறது என்று சாதித்தாள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடிபடாமல் இருந்தது அந்த வீடும் நிலமும்தான். வீடு பெண்களுடையது, வயலும் பெண்களுடையது. அம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து அவள் மகளுக்குப் போகும், யாரும் விற்க முடியாது. கல்யாணமான மகள் ஒவ்வொருத்திக்கும் அந்த நீள வீட்டில் ஓர் அறை. புருஷன் பொழுது சாய்ந்து வருவான், விடிந்ததும் தன் அம்மா வீட்டு வயலுக்குப் போய்விடுவான். பையன்கள் கொஞ்சம் வளர்ந்ததும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு தொழுகைக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். நிலத்தைப் பார்த்துக்கொள்வதும் வழக்குத் தீர்ப்பதும் கூடப்பிறந்தவன் வேலை, ஆனால் நெல் சேர்வது சகோதரிகளின் குதிரில். பிள்ளைகளைக் கண்டிப்பதும் கல்யாணம் பேசுவதும்கூடத் தாய்மாமன்தான். தகப்பன் இல்லை. "அப்ப ஆம்பளைக்குன்னு ஒரு மூலைகூட இல்லையாடி?" என்று உன் தங்கையிடம் கேட்டேன். "அதத்தாம்மா நானும் யோசிக்கிறேன்" என்றாள். யாரோ எங்கேயோ வாழ்கிற வாழ்க்கை என்று, மாவு சலித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வழக்கம் பஸ் ஏறி நம் வீட்டு வாசலுக்கே வரும் என்று நினைக்கவில்லை.

நீ கட்டிக்கொள்ளக் கேட்கிற அந்த மலையூர்ப் பெண் ரோஸ்னாவின் தாய்மாமன் கல்யாணம் பேசி எழுதிய கடிதம் உன் அத்தா பேருக்கு வரவில்லை. நத்தத்தில் இருக்கிற என் அண்ணன் பேருக்குப் போனது. உன் மாமா உறையைப் பிரித்திருக்கிறார். உள்ளே அரபு எழுத்து. யாரோ பெரியவர் எங்கிருந்தோ ஓதி அனுப்பியிருக்கிறார் என்று முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்திருக்கிறார். அந்த இரண்டு நாளும் புளி வியாபாரம் நன்றாக நடந்ததாம், அதையும் சொன்னார். பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் காட்டியிருக்கிறார். ஹஜ்ரத், எழுத்து வாசிக்க வருகிறது, பேச்சு மலாய் போலிருக்கிறது, விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு, உறைக்குள் நீ அதையே தமிழில் எழுதித் தனியாக மடித்து வைத்திருந்த தாளை உருவி எடுத்துக் கொடுத்திருக்கிறார். அடுத்த பஸ்ஸில் மாமா இங்கே வந்துவிட்டார்.

வாசலில் செருப்பை விடும்போதே சத்தம். "ஏ புள்ள, உம்மகனுக்குக் கல்யாணம் பேச வேண்டியவன் நாந்தானாம்ல! கடல் தாண்டி எனக்கு எழுதியிருக்கான். இனிமே நான் வந்தா ரெண்டு முட்டை சேத்து வைக்கணும், சொல்லிட்டேன்."

உன் அத்தா தோல் மண்டியிலிருந்து அப்போதுதான் வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். "பெத்தவன் நான். தோல் நாத்தத்துல நின்னு அவனப் படிக்க வச்சவன் நான். கடுதாசி மச்சானுக்கா?"

"கோவிச்சுக்காதீக மாப்ள. அவுக ஊருல தகப்பன்னா வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரியாம்."

"அப்ப விருந்தாளிக்கு மொதல்ல சோத்தப் போடச் சொல்லுங்க" என்று அத்தா பாயில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு மாதிரிதான் சொன்னார். ஆனால் முகம் சிரிக்கவில்லை. நீ அடுத்த கடிதம் எழுதும்போது அத்தாவுக்குத் தனியாக ஒரு தாள் எழுது. தலைப்பில் அவர் பேரைப் போடு.

சோற்றைப் போட்டுவிட்டு, தங்கையை வாசிக்கச் சொன்னேன். ரோஸ்னாவின் மாமா இரண்டு விஷயம் கேட்டிருந்தார். கல்யாணமான ஆம்பிளையை அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம், தாய்மாமன் வழியில் வருகிற பட்டப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். உங்கள் மருமகனுக்கு நீங்கள் கொடுக்கும் பட்டம் என்ன? இது ஒன்று. "ராவுத்தர்னு ஒண்ணு ஏற்கெனவே இருக்குல்ல, அதையே எழுது" என்று மாமா அதை ஒரு வாய்ச் சோற்றுக்குள் முடித்துவிட்டார். இரண்டாவது கேள்விதான், அப்பு, எங்களை உட்காரவைத்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வீடு எது? அது எந்த நிலத்தில் இருக்கிறது? ஒருநாள் மாப்பிள்ளை உடம்புக்கு முடியாமல் போனாலோ, எங்கள் பெண் இறந்துபோனாலோ, இரண்டு பேருக்கும் ஒத்துவராமல் போனாலோ, அவர் திரும்பிப் போவதற்கு அவர் அம்மாவின் வீடு வேண்டும். அது இல்லாதவரைக் காற்று கொண்டுவந்து போட்டதாகத்தான் எங்கள் ஊர் நினைக்கும். இதைக் குத்தலாக எழுதவில்லை என்று நீயே எழுதியிருந்தாய். கீழே உன் கையெழுத்தில் இன்னும் இரண்டு வரி: "அம்மா, இதற்குப் பதில் வராமல் பேச்சு நகராது. ரோஸ்னாவின் அம்மா இதில் பிடிவாதமாக இருக்கிறார்கள்."

நான் கையில் கரண்டியோடு நின்றேன். என் வீடு எது? பேகம்பூரில் இருக்கிற இந்த வீடு உன் அத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் பொது. நத்தத்து வீடும் தோப்பும் அண்ணன் பேரில் இருக்கிறது. பிறந்தது ஒருவர் வீடு, வாழ்வது ஒருவர் வீடு. இதில் எனக்கு ஒரு குறையும் யாரும் வைத்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இத்தனை வயதில் முதல்முறையாக ஒருவர் கேட்கிறார், அதுவும் முகம் தெரியாத ஒரு பெண்பிள்ளை, மலைமேல் உட்கார்ந்துகொண்டு. சரியான கேள்வி மாதிரியும் இருந்தது, சுள்ளென்றும் இருந்தது.

மாமாவுக்குச் சிரமமே இல்லை. "இதுல என்னம்மா இருக்கு? எழுதிப் போடு. நத்தத்துல ஓட்டு வீடு, பின்னால புளியந்தோப்பு, கெணறு, அம்புட்டும் அவன் அம்மாவுதுன்னு. கப்பல் ஏறி எவன் வந்து பாக்கப் போறான்?"

"பொய்யெல்லாம் எழுத மாட்டேன் மாமா" என்றாள் உன் தங்கை.

"அடியே, இது பொய்யில்லடி. கல்யாணத்துக்குச் சொல்றது."

"கல்யாணத்துக்குச் சொன்னா நிசமாயிருமா?"

அவர்கள் இரண்டு பேரும் இப்படி வாயாடிக்கொண்டிருக்கும்போது எனக்குள்ளிருந்து அந்த வார்த்தை வந்தது. யோசித்து வைத்துச் சொன்னதில்லை. "அப்ப நிசமாவே ஆக்கிருங்க, அண்ணே" என்றேன்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் அத்தா மௌத்தான பிறகு, பெரியவர்கள் கூடி அண்ணனுக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு என்று மார்க்கப்படி சொன்னார்கள். யாரும் மறுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்கு வேண்டாம், அண்ணனே வைத்துக்கொள்ளட்டும் என்று சொன்னேன். நம் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் சொல்வோம். கேட்கிறவர்களும் அதை எதிர்பார்த்துத்தான் கேட்பார்கள். பங்கு வாங்கிக்கொண்டவள் அடுத்த பெருநாளுக்குப் பிறந்த வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது? வாங்காதவளுக்கு வாசல் எப்போதும் திறந்திருக்கும். பிரசவத்துக்குப் போகலாம், மனஸ்தாபம் என்றால் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம். வருஷம் தவறாமல் பங்குனியில் மாமா ஒரு கூடைப் புளியைக் கொட்டை நீக்கி, உப்புப் போட்டு, துண்டால் வாய் கட்டி, தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். அந்தப் புளியை என் பங்கோடு சேர்த்து நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அண்ணன் பாசம் என்றுதான் கரைத்தேன். இப்போதும் அது பாசம்தான். பாசமும் பங்கும் ஒரே கூடையில் வரக் கூடாதா என்பதுதான் எனக்குப் புதிதாகத் தோன்றியது.

நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு கோடை விடுமுறையில் நத்தத்துக்குப் போயிருந்தோம். தோப்பில் விளையாடிக்கொண்டிருந்தவன் அழுதுகொண்டு ஓடிவந்தாய். மாமா மகனோடு சண்டை. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, இது எங்கம்மா மரம் என்று நீ சொல்லியிருக்கிறாய். உங்கம்மாவுக்கு இங்கே மரமே கிடையாது என்று அவன் சொல்லிவிட்டான். "நெசமாவாம்மா?" என்று கேட்டாய். உன் வாயில் ஒரு கருப்பட்டித் துண்டைத் திணித்து, போய் விளையாடு என்று அனுப்பினேன். நீ அதை மறந்திருப்பாய். அன்றைக்கு நீ கேட்டதைத்தான் இன்றைக்கு ரோஸ்னாவின் அம்மா கேட்கிறார். அவர் வாயில் கருப்பட்டி வைக்க முடியாதல்லவா.

மாமா முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார். "என்ன புள்ள சொன்ன?"

"எம் பங்கக் கேக்குறேன் அண்ணே."

"நீதான வேணாம்னு சொன்ன? சபையில வச்சுச் சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். ஏம்மா வேணாங்கிறன்னு ஒரு ஆளும் கேக்கலயே."

"அன்னிக்கே கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன்ல?"

"இன்னிக்கும் அதே தங்கச்சிதான் கேக்குறேன்."

இலையில் பாதிச் சோறு இருந்தது. மாமா எழுந்துவிட்டார். "சோத்துல உக்காந்துட்டு எந்திரிக்காதீக மச்சான்" என்று அத்தா கையைப் பிடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மாமா உதறிக்கொண்டு போனார். வாசலில் திரும்பி "வாரேன்" என்றுகூடச் சொல்லவில்லை. அண்ணன் என் வீட்டுச் சோற்றைப் பாதியில் விட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

அத்தாவின் பயம் வேறாக இருந்தது. "மச்சான் என்ன நெனப்பாரு? நாந்தான் உன்னத் தூண்டிவிட்டேன்னு நெனப்பாரு. ஊரே அப்படித்தான் பேசும்." அது உண்மைதான். மனைவி பங்கு கேட்டால் பின்னால் புருஷன் நிற்கிறான் என்றுதான் சொல்வார்கள். தானாக ஒருத்தி கேட்பாள் என்று யாருக்கும் தோன்றாது. அந்த நேரம் பார்த்து உன் தங்கை, "அப்ப இந்த வீட்டுல எனக்கு எந்தப் பக்கம் அத்தா?" என்று கேட்டாள். அத்தா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு கடுதாசி வந்து வீட்டையே பிரிச்சுப் போடுதே" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்கிவந்தார்.

(அண்ணே, நான் அதைக் குறும்புக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். காராச்சேவு நன்றாக இருந்தது.)

நான் அழவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வருத்தம் இருந்தது, ஆனால் அதன் நடுவிலும் உன் மலையூர்தான் ஞாபகம் வந்தது. அங்கே தங்கையோடு மனஸ்தாபம் என்றால் அண்ணன்காரன் எங்கே கோபித்துக்கொண்டு போவான்? இருக்கிற வீடே அவளுடையது. மனைவி வீட்டுக்கோ பொழுது சாய்வதற்கு முன்னால் போக முடியாது. சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தால் வேறு யார் போடுவார்கள்? தொழுகைக்கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்வானா, பையன்களோடு பையனாக? இதை ரோஸ்னாவின் அம்மாவிடம் நீ நிச்சயமாகக் கேட்டு எழுத வேண்டும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு போக ஓர் இடம் இருப்பதும் சொத்துதானே என்று நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு அந்த இடம் நத்தம்தான். அதை நானே அடைத்துக்கொண்டேனோ என்றுதான் பயம்.

மாசி போனது. மாமாவிடமிருந்து ஒரு சொல் இல்லை. பங்குனி பிறந்தது. தெருவில் வண்டி வண்டியாகப் புளி போகிறது, பக்கத்து வீடுகளில் பாய் விரித்துக் கொட்டை எடுக்கிறார்கள், நம் வீட்டு ஜாடி மட்டும் அடி தெரிய ஆரம்பித்தது. கடைசியில் கடைக்குப் போய்ப் புளி வாங்கினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் புளி வாங்கியதே கிடையாது. எது பழம்புளி, எது புதுசு என்றெல்லாம் அண்ணன் வீட்டுப் புளியை வைத்துத்தான் எனக்குத் தெரியும். கடைக்காரர் அணாவையும் நயா பைசாவையும் போட்டுக் குழப்பிக்கொண்டே, "என்னம்மா, நத்தத்துக்காரக எங்கிட்ட வந்து புளி வாங்குறீக?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்தேன். அன்றைக்கு மீன்குழம்பு. அத்தா ஒன்றுமே சொல்லாமல் சாப்பிட்டார். குறை சொல்லியிருந்தால் தேவலாம்.

பங்குனி முடியட்டும், மாமா வராவிட்டால் ரோஸ்னாவின் அம்மாவுக்கு உண்மையை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் வீடு இல்லை, என் மகன் நல்லவன், அவ்வளவுதான் என்று. அதற்கு அவர் பெண் கொடுக்க மாட்டேன் என்றால் அது அவர் ஊர் நியாயம். உனக்கு மனது உடைந்துபோகும் என்று தெரியும். ஆனால் இல்லாத தோப்பைக் காட்டி ஒரு பெண்ணைக் கேட்பது, அதுவும் பொம்பிளைக்கு நிலம் என்பதை உயிராக நினைக்கிறவர்களிடம், எனக்கு வாய் வரவில்லை.

இன்றைக்கு ஜும்ஆத் தொழுகை முடிந்து மாமா வந்தார். வாசலில் நிழல் தட்டியதும் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தேன். தோளில் துண்டு மட்டும் இருந்தது.

"என்ன பாக்குற, கூடையவா?"

"இல்லண்ணே. உக்காருங்க, தண்ணி குடிங்க."

"இந்த வருசம் புளி கொண்டாரல."

"தெரியுதுண்ணே."

"இனிமேயும் கொண்டார மாட்டேன். என்னிக்கும் கொண்டார மாட்டேன்."

நான் தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன். அத்தா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். மாமா தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, வேட்டி நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "கெழக்கு வரிசையில ஒரு மரத்தையும் இன்னும் உலுக்கல. காய் ஓடு வெடிச்சுத் தொங்குது, கிளி வந்து கொத்துது. உம் மரத்துப் புளிய நான் எதுக்கு உலுக்கி, நான் எதுக்கு ஓடு தட்டி, நான் எதுக்குச் சொமக்கணும்? ஆளக் கூட்டிக்கிட்டு வந்து நீயே உலுக்கிக்க."

உன் தங்கைதான் முதலில் வாய் திறந்தாள். "மாமா, அப்ப இத எழுதிரலாமா?"

"எழுதுடி. கெழக்கு வரிசை. நீ உங்கம்மா வயித்துல இருந்து வந்து விழுந்த அந்தப் பின்கட்டு ரூம்பு, அதுவும் அவளுதுதான். கெணத்துத் தண்ணி மட்டும் பொதுவு, அத நான் பிரிக்க மாட்டேன். பத்திரத்த அறுவடை முடிஞ்சு பதிஞ்சுக்கலாம்." பிறகு என்னிடம், "உங்க அண்ணி எங்கிட்டப் பேசி இருவது நாளாச்சு. எனக்கும் மனசு இன்னும் ஆறல, ஆமா. ஆறிட்டதா அந்தச் சீமைக்கார அம்மாவுக்கு எழுதிறாத" என்றார். அதனால் அதையும் இதில் எழுதச் சொல்லிவிட்டேன்.

சோறு போட்டேன். இரண்டு முட்டை சேர்த்து வைத்தேன். அத்தா மாமாவுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, "மச்சான், இன்னிக்கு நம்ம ரெண்டு பேர்ல யாரு விருந்தாளி?" என்று கேட்டார். "ரெண்டு பேருந்தான், பேசாமச் சாப்புடுங்க மாப்ள" என்றார் மாமா. இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

ஆகவே, அப்பு, ரோஸ்னாவின் அம்மாவுக்கு இதை உள்ளது உள்ளபடி சொல். உங்கள் ஊர் மாதிரி அம்மாவிடமிருந்து மகளுக்கு இறங்கி வந்த வீடு எனக்கு இல்லை. ஓர் அறை இருக்கிறது, ஒரு வரிசை மரம் இருக்கிறது. அவை கேட்டதால் வந்தன, நீங்கள் கேட்டதால் நான் கேட்டேன். என் மகனுக்கு என்ன ஆனாலும் வந்து படுக்க அந்த அறையில் இடம் உண்டு. இது போதும் என்று அவர் நினைத்தால் எங்களுக்குச் சந்தோஷம். போதாது என்று நினைத்தாலும் என் சலாமைச் சொல். அவர் முகத்தை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அங்கே குழம்புக்கு நம் புளி கிடையாது, ஏதோ பழத்தோலைக் காயவைத்துப் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே. கிழக்கு வரிசைப் புளி கொஞ்சம் அனுப்புகிறேன், கரைத்துப் பார்த்துச் சொல்லட்டும்.

கல்யாணம் கூடி வந்தால், நீ போய் இருக்கப்போகிற வீடு உன்னுடையது இல்லை. ஆம்பிளைகள் யாரும் உனக்கு இதைச் சொல்லித்தர முடியாது, ஆனால் எனக்கு நன்றாகத் தெரியும், நான் அப்படித்தான் இருந்தேன். போன புதிதில் எந்தப் பாத்திரத்தையும் கேட்டு எடு. அவர்கள் உப்பைக் குறை சொல்லாதே. எங்கள் ஊரில் இப்படி இல்லை என்று ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் சொல்லாதே. நான் நிறையச் சொன்னேன், உன் அத்தாவின் அம்மா பாவம், பொறுத்துக்கொண்டார்கள். ஒருநாள் அந்த வீட்டில் யாரோ உன்னிடம், அந்தக் கத்தி எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். உனக்குப் பதில் தெரிந்திருக்கும். அன்றையிலிருந்து பயமில்லை. பத்திரத்தில் பேர் இல்லாத வீட்டிலும் மனிதர் நன்றாக வாழலாம். ஆனால் பத்திரத்தில் பேர் இருந்தால் எப்படி இருக்கும் என்று நான் இனிமேல்தான் தெரிந்துகொள்ளப் போகிறேன். எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. நீயும் ஓர் அண்ணன். எங்களுக்குப் பிறகு பெரியவர்கள் கூடி உன் தங்கையைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவளும் வேண்டாம் என்று சொல்லக்கூடும், வாசல் அடைந்துவிடும் என்ற பயத்தில். அவள் அப்படிச் சொன்னால் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடாதே. ஏன் வேண்டாம் என்று கேள். எனக்கு அதை யாரும் கேட்கவில்லை.

(இதை எழுதக் கை கூசுகிறது, அண்ணே. ஆனால் எதையும் விட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் என்பதையும் இப்போதே எழுதி வைக்கிறேன். அம்மா சிரிக்கிறார்கள்.)

(மாமா இன்றைக்கு ஊருக்குப் போகவில்லை. கூடத்தில் படுத்துக் குறட்டை விடுகிறார். காலையில் முதல் பஸ்ஸில் மாமாவோடு நாங்கள் மூன்று பேரும் நத்தம் போகிறோம். அத்தா மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு, மரம் உலுக்க நீளக் கொக்கி ஒன்று கட்டி வாசலில் சாத்தி வைத்திருக்கிறார். அதைப் பஸ்ஸில் ஏற்ற விடுவார்களா என்று தெரியவில்லை. அம்மா பாயில் படுத்துக்கொண்டே, "இன்னும் ஒண்ணு கேட்டு எழுதுடி, அந்தக் கூரைப் பள்ளத்துல மழைத் தண்ணி" என்று ஆரம்பித்தார்கள். அதற்குள் அத்தா எழுந்து வந்து விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரியை இருட்டில்தான் எழுதினேன். கோணலாக இருந்தால் அதனால்தான்.)